அவர் என்ன ஆனார்

பிகம் என்ற இங்கிலீஷ் வினைச்சொல்லை நான் கண்டி மலையில் ஹேவாஹெட்டப் பக்கத்துக் கோப்பித் தோட்டம் ஒன்றின் பங்களாவில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்பதைவிட, என் தலையில் கட்டப்பட்டது என்று சொன்னால் சரியாக இருக்கும். நான் அங்கே ஆயாவாக இருந்தேன். துரைக்கும் துரைசானிக்கும் ஒரே பெண் குழந்தை. காலையில் துரைசானி விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு அதற்குப் பாடம் சொல்வார். நான் கீழே உட்கார்ந்து அதன் உடுப்புகளைத் தைத்துக்கொண்டிருப்பேன். குழந்தைக்குப் பாடம் ஏறாத நாட்களில் துரைசானியின் பார்வை என் பக்கம் திரும்பும். அப்படியாக எனக்கு இங்கிலீஷும் அவருக்குத் தமிழும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டன.

பிகம் என்றால் என்ன என்று அவர் விளக்கியபோது, எங்கள் பாஷையில் அதற்கு ஆகு என்று சொல்வோம் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். இரண்டு நாட்டுச் சொல்லும் கைகோர்த்துக்கொண்டதுபோல முகம் மலர்ந்துவிட்டது. உடனே உதாரணங்களை அடுக்கினார். குழந்தை பெரியவள் ஆகும். நாற்று செடி ஆகும். பூ பழம் ஆகும். காடு தோட்டம் ஆகும். எல்லாம் மேலே ஏறுகிற உதாரணங்கள். என் வாய் சும்மா இருக்குமா? ஆளும் பிணம் ஆகும் என்றேன். அவர் முகத்தைச் சுளித்துவிட்டு, அது வேண்டாம், வேறு சொல் என்றார்.

தமிழில் ஆயிற்று என்று சொன்னால் முடிந்தது என்றும் பொருள் என்று சொல்லிப் பார்த்தேன். சமையல் ஆயிற்று, வேலை ஆயிற்று. அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் மனம் அதில் போகவில்லை. நீ எப்போது விதவை ஆனாய் என்று அந்தச் சொல்லையே வைத்து என்னைக் கேட்டார். பாடத்துக்காகக் கேட்டதுதான், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் படித்து வாங்கும் பட்டம்போல அவர் அதைக் கேட்ட விதம் எனக்குச் சுருக்கென்றிருந்தது. என் புருஷன் கண்டியிலிருந்து கோப்பி ஏற்றிப்போகும் வண்டிக்காரர். கடுகண்ணாவை இறக்கத்தில் வண்டி குடைசாய்ந்தது. அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு உடலைக் கொண்டுவந்தார்கள். நான் முகத்தைப் பார்த்தேன், வேதக் கோயில் சாமியார் வந்து மந்திரித்தார், புதைத்தோம். ஒரே பகலில் விதவை ஆனேன் அம்மா என்று சொன்னேன். வாக்கியம் சரியாக இருக்கிறது என்றார்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் ஒரு பெண். கோப்பிப் பழம் சிவந்து, பறிப்பதற்கு ஆள் போதாமல் துரை கத்திக்கொண்டிருந்த பருவத்தில் அவள் குசினி வாசலுக்கு வந்து நின்றாள். காலெல்லாம் அட்டை கடித்த புண். இந்தியாவிலிருந்து வந்த ஒரு கூட்டத்தோடு மன்னார்க் காட்டு வழியே நடந்தே வந்திருக்கிறாள். கண்டி வரைக்கும் அவர்களோடு வந்து, அங்கிருந்து தனியாக மலை ஏறியிருக்கிறாள். போன பருவத்தில் வந்த புருஷன் திரும்பி வரவில்லை, எந்தத் தகவலும் இல்லை. அவரைத் தேடி வந்தவள்.

புருஷன் பெயர் என்ன என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. எங்களுக்கு மட்டும் இருந்ததா என்ன? கண்டியில், கூலி ஆட்களைக் கூட்டிவரும் கங்காணிகள் அரிசி வாங்கும் கடையில் எப்படி விசாரித்தாய் என்று கேட்டேன். ஊர்ப் பெயரை மட்டும் சொன்னாளாம். கடைக்காரர் அந்த ஊர் ஆட்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வர, அவர் பெயர் வந்த இடத்தில் தலையை ஆட்டினாளாம். அந்த ஆள் ஹேவாஹெட்டவில் இந்தத் தோட்டத்தில் நன்றாக இருக்கிறார் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். நானும் அதே மாதிரி அந்த ஊர்க்காரர்களின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது பெயருக்குத் தலை ஆடியது. அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப் போவதில்லை.

எனக்கு அந்த ஆளை நன்றாகத் தெரியும். பங்களாவுக்கு விறகு சுமந்து வருகிறவர். நேற்றுக்கூட வந்து போட்டுவிட்டுப் போனார். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, உன் புருஷன் வாயில் என்ன கொழுக்கட்டையா, ஒரு வார்த்தை பேசமாட்டாரே என்று கேலி செய்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவுகளா? வாய் ஓயாம பேசுவாகளே ஆயாம்மா. எங்க ஊருல அவுக பேச்சக் கேக்கத்தான் கூட்டம் கூடும்."

பிறகு தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். இந்தக் குளிரும் மழையும் யாரை விட்டுவைக்கும், வாயடைத்துப் போயிருப்பார், மாறித்தான் போயிருப்பார் என்றாள். துரைசானி விறாந்தையிலிருந்து எழுந்து வந்து, என்ன விஷயம் என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் விரலை உயர்த்திக்கொண்டு, ஹீ ஹேஸ் பிகம் சைலண்ட் என்று அழகாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பாடத்துக்கு ஒரு உதாரணம் வீடு தேடி வந்துவிட்டது. நானும் பெரிய படிப்பாளிபோல அதைத் திருப்பிச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் எங்கள் இரண்டு பேர்மேலும் எனக்குக் கோபம் வருகிறது.

அன்று சாயந்தரம் கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு அவளை நானே கூட்டிப்போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் ஓடைத் தண்ணீரில் முகம் கழுவி, முடியை ஒழுங்குபடுத்திக்கொண்டாள். ஊரிலிருந்து ஒரு சிறு துணியில் கருவாடு முடிந்து கொண்டுவந்திருந்தாள். அத்தனை தூரம் காட்டில் பட்டினி கிடந்தும் அதைத் தொடவில்லை. விறகுக்காரர் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பரா வாசலில் நின்றோம். அவர் மேல்மலையிலிருந்து மற்ற ஆட்களோடு இறங்கி வந்தார். எங்களைப் பார்த்து நின்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் ஒதுங்கி, அவருக்குப் பின்னால் பாதையில் வருகிறவர்களைப் பார்த்தாள். அவர்கள் ஒவ்வொருவராக எங்களைக் கடந்து போனார்கள். பாதை காலியான பிறகும் அவள் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்தானே என்று கேட்டேன். இல்லை என்று தலையை அசைத்தாள்.

அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். சுமையை இறக்கிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் அவ்வளவு பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அவர் வேறு ஊர், வேறு கங்காணியோடு வந்தவர். மாத்தளைக்கு வடக்கே காட்டுக்குள் வழிப்போக்கர் தங்கும் ஓர் அம்பலத்தில் வாந்திபேதி கண்டு விழுந்துவிட்டார். அவருடைய கூட்டம் ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்துவிட்டு நடந்துவிட்டது. அந்த வழியில் எல்லாக் கூட்டமும் அப்படித்தான் செய்தது, நின்றால் எல்லாரும் சாகவேண்டும் என்று பயம். இவர் எப்படியோ பிழைத்துக்கொண்டார். எழுந்து நிற்க முடிகிற நேரத்தில் இன்னொரு கூட்டம் வந்தது. அதில் ஒருவருக்கு அதே நோய். அவரை இவருக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். அவர்தான் இவளுடைய புருஷன்.

கரையில் இறங்கும்போதே பெயரும் ஆள் கணக்கும் தோட்டத்துக்குத் தகவலாகப் போய்விடும். வந்து சேரும்போது தலை குறைந்தால் கங்காணி துரையிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். படுத்திருந்தவரின் கம்பளியை உருவி இவருக்குப் போர்த்திவிட்டு, வா என்று அந்தக் கூட்டத்துக் கங்காணி கூப்பிட்டாராம். தன்னுடைய சாக்கைப் படுத்திருந்தவருக்குப் போர்த்திவிட்டு இவர் எழுந்தாராம். கூட வந்த ஊர்க்காரர்கள் கங்காணிக்குப் பயந்து அதை வெளியே விடவில்லையாம். கைவிடப்பட்டுக் கிடந்தவருக்கு ஒரு கூட்டத்தோடு போகலாம் என்றால் யோசிக்கவா தோன்றும்? அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

"இனிமே நீதான் இந்தப் பேரு, எங்க கூப்புடுறேன் பாப்போம்னாரு கங்காணி. கூப்புட்டாரு. நா இருக்கேங்கன்னு சொன்னேன்." அவர் தரையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "பக்கத்துல படுத்திருந்தவரும் இருக்கேங்கன்னாரு தாயி."

அவள் அழவில்லை. அப்போது அவருக்கு நினைவு இருந்ததா என்று கேட்டாள். இருந்தது, தண்ணீர் கேட்டார், கொடுத்தேன் என்றார். அப்புறம் என்று கேட்டாள். அப்புறம் நடந்துவிட்டோம் என்றார். அதற்குமேல் அவருக்குத் தெரியாது. உள்ளே போய்க் கம்பளியை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினார். அதன் ஓரத்தில் அவள் போட்ட தையல் இருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே, உங்களுடைய சொந்தப் பெயர் என்ன என்று அவரைக் கேட்டாள். தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவரை யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். சொன்னார். தன் ஊரில் தனக்குக் கருமாதி செய்து முடித்திருப்பார்கள் என்றும் சொன்னார்.

இதற்குள் சேதி எட்டி, கங்காணி குடையோடு வந்துவிட்டார். தப்பு செய்தவர் முகமாக அது இல்லை. ஒரு சின்னச் சிக்கலை நேர்செய்ய வந்தவர் முகமாகத்தான் இருந்தது.

"இந்தா புள்ள, பேரு இருக்கு, காம்பரா இருக்கு, அரிசி வருது. ஊருல இருந்து யாரு வந்து என்ன கேக்கப்போறா? பேசாம உள்ள போயி அடுப்பப் பத்தவை."

பெயரோடு அரிசி வந்தது, கம்பளி வந்தது, காம்பரா வந்தது. பெண்சாதியும் அதே வரிசையில் வரவேண்டியதுதான் என்பது அவர் கணக்கு. அவருக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. விறகுக்காரர்தான் எழுந்து நின்று, இந்தப் பிள்ளை எனக்குத் தங்கச்சி முறை, உள்ளே வராது என்றார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பங்களாவுக்கு நடந்தேன். விறகு அடுக்கும் அறையில் அவளுக்குச் சாக்கு விரித்துக்கொடுத்தேன்.

மறுநாள் துரைசானிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு. அவர் கண் கலங்கிவிட்டது. அவர் நல்ல மனுஷி, அதை நான் மறைக்கமாட்டேன். பிறகு அதே வினைச்சொல்லைக் கொண்டு ஒன்று கேட்டார். வாட் பிகேம் ஆஃப் ஹிம் என்றார். அப்படியும் அதைச் சொல்லலாம் என்று பாடத்தில் அவர் சொல்லித் தந்ததில்லை. எனக்கு விளக்கம் தேவைப்படவும் இல்லை, ஏனென்றால் இரவெல்லாம் விறகு அறையில் அந்தப் பெண் தமிழில் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவுக என்ன ஆனாக ஆயாம்மா. பெரியவன் ஆனான், பணக்காரன் ஆனான் என்று இரண்டு பாஷையிலும் சொல்கிறோம். ஆள் கண்ணைவிட்டு மறைந்துபோனாலும் இரண்டு பாஷையும் அதே சொல்லைத்தான் கையில் எடுக்கின்றன.

துரை கோபக்காரர் அல்ல. துரைசானி சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணும் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வைத்து அந்தப் பெயரை அவரே கூப்பிட்டார். விறகுக்காரர் இருக்கேன் சாமி என்றார். கங்காணி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், விறகுக்காரரால் வேறென்ன சொல்ல முடியும்? துரை என் பக்கம் திரும்பி, இந்தத் தோட்டத்தில் அந்தப் பெயருள்ள ஆள் யாரும் காணாமல் போகவில்லை என்று அந்தப் பெண்ணுக்குச் சொல் என்றார். வேலை வேண்டுமென்றால் பெண்கள் கூட்டத்தில் சேரலாம் என்றும் சொன்னார். அதை நான் அவள் முகத்துக்கு நேரே தமிழில் சொன்னேன். என் வாயில் வந்த வார்த்தைகளில் அதைவிடக் கேவலமான ஒன்றை எனக்கு நினைவில்லை.

துரைசானியின் நச்சரிப்பு தாங்காமல், மாத்தளைப் பக்கம் போன ஒரு வண்டிக்காரரிடம் அந்த அம்பலத்தை விசாரித்துவரச் சொன்னார் துரை. போனவர் திரும்பி வந்தார். வாந்திபேதி பரவுகிறது என்று சர்க்கார் ஆட்கள் அம்பலத்தைக் கொளுத்திவிட்டார்களாம். கொளுத்துமுன் உள்ளே கிடந்தவர்களை என்ன செய்தார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மூன்று பேர் எழுந்து நடந்து போனதாகவும் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் ஊருக்குப் போகவில்லை. மாமியார் கேட்டால் என்ன சொல்ல என்று பயந்தாள். இருக்கிறார் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பெண்கள் கூட்டத்தில் சேர்ந்து பழம் பறித்தாள், ஒரு கிழவியோடு வேறு லயத்தில் தங்கினாள். காலைதோறும் பெரட்டில் புருஷன் பெயரைக் கூப்பிடுவார்கள், விறகுக்காரர் பதில் சொல்வார், அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறுவாள். அவரை அவள் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. கல்யாணத்துக்கு அவளை மஞ்சள் அரைக்கக் கூப்பிடலாமா கூடாதா என்று லயத்துப் பெண்கள் அவள் காதுபடவே சண்டை போட்டார்கள். அமாவாசையன்று சோறு படைக்கவும் அவளால் முடியவில்லை, படைக்காமல் இருக்கவும் மனம் கேட்கவில்லை. பொட்டு வைத்துவிட்டு, வைத்தது சரிதானா என்று என்னிடம் வந்து கேட்பாள்.

"செத்துட்டாருன்னு யாராச்சும் ஒருத்தரு வாய் தொறந்து சொல்லிட்டா போதும் ஆயாம்மா. நா அழுதுட்டுக் கெடப்பேன்."

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் சொல்கிறேன், செத்துத்தான் போயிருப்பார், தாலியைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இரு என்று கத்திவிட்டேன். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டாள். என் புருஷன் முகத்தை நான் பார்த்தேன். அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. செத்த முகத்தைப் பார்ப்பது ஒரு கொடுப்பினை என்று எந்த ஊரில் சொல்வார்கள்?

இப்படியே வருஷங்கள் போயின. பிறகு கோப்பி இலைக்கு நோய் வந்தது. இலையின் அடியில் மஞ்சள் பொடி. தொட்டால் விரலில் ஒட்டும். துரைசானி ஓர் இலையைத் திருப்பிப் பார்த்து, மஞ்சள் ஆகிவிட்டது என்று எங்கள் பழைய சொல்லால் சொன்னார். அந்தச் சொல்லுக்கு அவர் வாயிலிருந்து வந்த உதாரணங்களில் கீழே இறங்கிய முதல் உதாரணம் அதுதான். குழந்தை சீமைக்குப் படிக்கப் போய்விட்டிருந்தது, நான் வீட்டு வேலைக்காக நின்றிருந்தேன். பல்லேகலப் பக்கத்திலும் செடிகள் மொட்டையாகிவிட்டதாகச் சொன்னார்கள். பழம் இல்லை, வேலை இல்லை, லயங்களில் பாதி காலி. அரிசி குறைந்தது. ஆட்கள் கண்ட கீரையையும் கிழங்கையும் தின்று கழிச்சலில் விழுந்தார்கள். விறகுக்காரரும் விழுந்தார். அவள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்து, துணி அலசிப் பார்த்துக்கொண்டாள். அந்த மழை மாதத்திலேயே அவர் இறந்துபோனார்.

தப்புக்காரர் லயம் லயமாக நின்று பறையடித்து, சாவைச் சொல்லிக்கொண்டு வந்தார். இன்ன ஊர், இன்னாருடைய மகன், இன்னார் செத்துப்போனார் என்று. ஊர் அவளுடைய ஊர். தகப்பன் பெயர் அவளுடைய மாமனார் பெயர். இறந்தவரின் சொந்தப் பெயர் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். திருத்திச் சொல்லவேண்டும் என்று நான் படி இறங்கினேன். அவள் எதிரே ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். தப்புச் சத்தம் கடைசி லயத்தையும் தாண்டிப் போகும்வரைக்கும் கையை விடவில்லை.

"சொல்லிட்டாங்க ஆயாம்மா. எல்லார் காதுலயும் விழுந்துருச்சு." மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "அண்ணன் பேரச் சொல்லி அழ ஆளு இல்லையேன்னு எனக்கும் பொறுக்கல. நா மனசுக்குள்ள சொல்லிக்கிர்றேன். ஆனா இதத் திருத்தாதீங்க. இதவிட்டா எனக்கு யாரு வந்து சொல்லுவா?"

அது நியாயமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவருக்கு இரண்டாவது முறையும் பெயர் இல்லாமல் போயிற்று. எனக்கு ஆத்திரம் வந்தது, அதைக் கொட்டுவதற்கு ஆள்தான் கிடைக்கவில்லை. அவள் எனக்குமுன் திரும்பி உட்கார்ந்து, முடியை ஒதுக்கிக்கொண்டு கழுத்தைக் குனிந்தாள். தாலியை இன்னொரு விதவைதான் கழற்றவேண்டும். கயிறு நனைந்து முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தி அவிழ்த்தேன். அது கையில் வந்ததும் அவள் வாய்விட்டு அழத் தொடங்கினாள். அத்தனை வருஷத்து அழுகை. கேட்டுக்கொண்டு வந்த லயத்துப் பெண்கள், பார்த்தாயா, நாங்கள் அப்போதே சொல்லவில்லையா, அவன் இவளுக்குப் புருஷன்தான் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அவர்களை வையவில்லை. நகர்ந்து இடம் விட்டேன். அவர்களும் அவளைச் சுற்றி உட்கார்ந்து, அவள் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்.